அணை இடியும் முன்பே துடுப்புப் பிடித்த பிள்ளைகள்

ஏரி நிரம்பிய மழைக்காலத்தில், மதகுக்கு அடியில் மூச்சடக்கி முங்கி மடை திறந்தவர் யார்? கரை உடையப் போகிறது என்று நள்ளிரவில் பறையடித்து ஊரை எழுப்பியவர் யார்? நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையான் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் பெயர் மாறும். ஆள் மாறவில்லை. பெரும்பாலான ஊர்களில் அந்த வேலைக்குப் போனவர்கள் நம் சேரியிலிருந்து போனவர்கள்தான். ஏரியின் ஆழமும் அதன் கோபமும் நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அப்படியிருந்தும், அந்த ஏரியில் வேலைக்காக அல்லாமல் விருப்பத்துக்காக இறங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நம்மில் பலர் நீச்சல் கற்றது ஊர்க்கிணற்றில் அல்ல. கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்திலோ, ஆள் பார்க்காத நேரத்தில் வயல் கிணற்றிலோதான். அதையும் கற்காதவர்களே அதிகம். நம் பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கேள்வியோடுதான் இந்த வாரம் கடல் கடந்து ஓர் ஏரிக்குப் போகிறோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள அப்பர் கிளாமத் ஏரி அது. 2025 ஜூன் மாதம், 13 வயது முதல் 20 வயது வரையுள்ள பூர்வகுடிப் பிள்ளைகள் கூட்டமாகக் கயாக் படகுகளில் அந்த ஏரியைக் கடந்து, அங்கிருந்து ஆற்றோடு போய்ப் பசிபிக் கடலைத் தொட்டார்கள். ஒரு மாதப் பயணம். சுமார் 500 கிலோமீட்டர். சாகசச் செய்தியாக இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் இந்தப் பிள்ளைகள் எப்போது துடுப்பைக் கையில் எடுத்தார்கள் என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

யாருடைய ஏரி?

கிளாமத், மோடாக், யாஹூஸ்கின் என்ற மூன்று பூர்வகுடி மக்கள் அந்த ஏரியைச் சுற்றி வாழ்ந்தவர்கள். ஏரியில் பூக்கும் மஞ்சள் அல்லியின் விதையைச் சேகரித்து இடித்து உணவாக்கினார்கள். கோரையைப் பின்னிக் கூடையும் பாயும் செய்தார்கள். ஏரியில் சுவாம், கொப்து என்று அவர்கள் அழைக்கும் இரண்டு வகை மீன்கள் உண்டு. குளிர்காலம் முடிந்து சேமித்த உணவு தீரும் நேரத்தில் கூட்டமாக ஆறேறி வரும் இந்த மீன்கள்தான் அவர்களைப் பட்டினியிலிருந்து காத்தன. கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து நீந்தி வரும் சால்மன் மீனும் அவர்களுக்கு உணவு.

வெள்ளையர் குடியேற்றம் வந்தது. 1864இல் போட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் விட்டுக்கொடுத்த நிலம் 2 கோடி ஏக்கருக்கும் அதிகம். பதிலுக்கு ஓர் ஒதுக்கீட்டு நிலப்பகுதியும், அதில் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் உரிமையும் கிடைத்தன. அங்கே போய் அடங்கி வாழ மறுத்த மோடாக் மக்கள் 1872-73இல் போர் செய்தார்கள். அவர்களின் தலைவர் கின்ட்புவாஷ் 1873 அக்டோபர் 3ஆம் தேதி கிளாமத் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

ஒதுக்கிய நிலமும் நிலைக்கவில்லை. அங்கே பைன் மரக்காடு செழித்திருந்தது. அந்த மரத்தின் வருமானத்தில் கிளாமத் மக்கள் யார் தயவும் இல்லாமல் வாழ்ந்தார்கள். 1954இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. “இனி நீங்கள் தனிக்குடி அல்ல, பொதுச் சமூகத்தில் கலந்துவிடுங்கள்” என்பது அதன் சாரம். சமத்துவம் போலக் காதில் விழும் சொல்தான். நடந்தது வேறு. குடிக்கான அங்கீகாரம் போயிற்று, காடு போயிற்று, நிலம் போயிற்று. 32 ஆண்டுகள் போராடி 1986இல் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றார்கள். நிலம் திரும்பவில்லை. பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆற்றின் கழுத்தில் நான்கு அணை

ஏரியிலிருந்து புறப்படும் கிளாமத் ஆறு ஓரிகனிலிருந்து கலிபோர்னியாவுக்குள் நுழைந்து கடலுக்குப் போகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் காருக், ஹூப்பா, யூரோக் மக்கள் வாழ்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே கயிற்றில் கோத்திருந்தது சால்மன் மீன்.

1918இல் முதல் அணை மின்சாரம் தரத் தொடங்கியது. 1960களின் நடுப்பகுதிக்குள் இன்னும் மூன்று எழும்பின. நான்குமே மின்சாரத்துக்கான அணைகள், பாசனத்துக்கானவை அல்ல. மீன் ஏறிப் போவதற்கு வழி விடாமல் கட்டப்பட்டதால், ஏரிப் பக்கத்து மக்களுக்கு சால்மன் வருவது அடியோடு நின்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, பாட்டி சொல்லும் கதையில் மட்டுமே அந்த மீன் இருந்தது.

கீழே இருந்தவர்கள் பாடும் சுகமாக இல்லை. 1969இல் ரேமண்ட் மாட்ஸ் என்ற யூரோக் மீனவரின் வலைகளை மாநில அதிகாரிகள் பறித்தார்கள். “இது ஒதுக்கீட்டு நிலமே அல்ல, உங்களுக்கு உரிமை இல்லை” என்பது மாநிலத்தின் வாதம். அவர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1973இல் அது பூர்வகுடி நிலம்தான் என்று தீர்ப்பானது. தீர்ப்பு கையில் இருந்தும் ஆற்றில் மீன் குறைந்துகொண்டே வந்தது.

2002 செப்டம்பரில் பெருந்துயரம் வந்தது. வறட்சிக் காலத்தில் தண்ணீரைப் பாசனத்துக்குத் திருப்பியதால் ஆறு வற்றிச் சூடேறி, நோய் பரவி, கீழ்ப்பகுதியில் சால்மன் செத்து மிதந்தது. குறைந்தது 34,000 மீன்கள் என்பது அரசு அறிவியலாளர்களின் கணக்கு. உண்மையில் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும் என்றவர்களும் உண்டு. அன்று கரையில் நின்று அந்த நாற்றத்தைச் சுவாசித்தவர்கள் “அணைகளை எடு” என்ற ஒரே கோரிக்கையோடு கிளம்பினார்கள்.

அணைகளின் உரிமையாளர் அப்போது ஸ்காட்லாந்து நிறுவனம் ஒன்று. 2004இல் அந்த நாட்டுக்கே விமானம் ஏறிப் போய், பங்குதாரர் கூட்டம் நடந்த இடத்தில் நின்று நியாயம் கேட்டார்கள். நிறுவனம் கைமாறியது. புதிய முதலாளியின் ஊருக்கும் போனார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அணையை யாராவது இடிப்பார்களா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2022 நவம்பரில் ஒன்றிய அரசின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அணைகளை அகற்ற இறுதி அனுமதி கொடுத்தது. 2023இல் ஓர் அணையும் 2024இல் மற்ற மூன்றும் அகற்றப்பட்டன. அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய அணை அகற்றம் இது.

முதலில் இறங்கப் போவது யார்?

அணை போனால் ஆறு திறக்கும். அணைக்கு அடியில் நூறு ஆண்டு மறைந்து கிடந்த பள்ளத்தாக்குகளும் வேகநீர்ப் பகுதிகளும் வெளியே வரும். அப்போது அங்கே முதலில் இறங்கப் போவது யார்? விலை உயர்ந்த படகும் பயிற்சியும் பணமும் வைத்திருக்கும் வெளியூர் சாகசக்காரர்கள்தான். பூர்வகுடிகள் போராடித் திறந்த ஆற்றில், அவர்களுடைய பிள்ளைகள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கயாக் அந்தப் பிள்ளைகளில் பலர் தொட்டே பார்க்காத பொருள்.

இந்த இடத்தில்தான் சிலர் முன்கூட்டியே யோசித்தார்கள். ரியோஸ் டு ரிவர்ஸ் என்ற அமைப்பு, “பேடில் ட்ரைபல் வாட்டர்ஸ்” என்ற பெயரில் ஆற்றோரப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குக் கயாக் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. எப்போது? 2022இல். அதாவது நான்கு அணைகளும் கம்பீரமாக நின்றுகொண்டிருந்த ஆண்டில். ஆறு திறக்கும் நாளில் ஊற்று முதல் கடல் வரை முதன்முதலாகப் போகிறவர்கள் அந்த ஆற்றின் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கயாக் என்பதே பூர்வகுடிகளின் கண்டுபிடிப்பு என்பது நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. வடதுருவத்தை ஒட்டிய பனிப்பகுதி மக்கள், கடல் ஒதுக்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துச் செய்த வேட்டைப் படகு அது. பெயரும் அவர்கள் மொழியின் சொல்தான். உட்கார்பவரின் இடுப்பளவுக்கு மட்டும் திறப்பு. இரண்டு முனையிலும் அகன்ற பலகை உள்ள ஒரே துடுப்பு. படகு கவிழ்ந்தால் உள்ளே உட்கார்ந்தபடியே இடுப்பை வெட்டித் துடுப்பால் தண்ணீரை அழுத்தி மீண்டும் நிமிர்ந்துவிடலாம். பனிக்கடலில் விழுந்தவருக்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை, நிமிரத் தெரிய வேண்டும். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்களைத்தான் பின்னால் வந்தவர்கள் நாகரிகமற்றவர்கள் என்று எழுதினார்கள். இன்று அந்தப் படகு ஒலிம்பிக் விளையாட்டு. 1936 முதல் பதக்கம் உண்டு.

கயாக் படிப்பு அசையாத தண்ணீரில் தொடங்கும். முதல் பாடம், கவிழ்ந்த படகிலிருந்து பதறாமல் வெளியே வருவது. தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கும்போது, முன்னால் உள்ள நீர்த்தடுப்புத் துணியின் வாரை இழுத்துவிட்டு வெளியேற வேண்டும். சில நொடி வேலைதான். அந்தச் சில நொடியில் பயம் கழுத்தைப் பிடிக்கும். அதைத் தாண்டியவர்களுக்கு அடுத்து நிமிரும் வித்தை. அதற்குப் பிறகு, விழுந்த நண்பனைக் காப்பது. கயிறு எறிவது, ஆற்றின் சுழலைப் படிப்பது, எங்கே இறங்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது என்று பாடம் நீளும். இதெல்லாம் ஒரு விடுமுறையில் வந்துவிடாது. அணை இடிந்த பிறகு தொடங்கியிருந்தால் அந்தப் பிள்ளைகள் தயாராகியிருக்க மாட்டார்கள்.

ஏரியில் யாரும் நம்மைக் கொண்டுபோக மாட்டார்கள்

2025 ஜூன் 12. ஏரிக்கு வடக்கே, வுட் ஆற்றின் ஊற்றுக்கண்ணில் பயணம் தொடங்கியது. கின்ட்புவாஷ் தூக்கிலிடப்பட்ட கிளாமத் கோட்டை அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. 152 ஆண்டுகளுக்கு முன் தங்கள் தலைவனைத் தூக்கிலிட்ட மண்ணுக்கு அருகிலிருந்து, அந்த மக்களின் பிள்ளைகள் வண்ண வண்ணப் படகுகளில் கிளம்பினார்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்தே போனார்கள்.

வுட் ஆறு தெளிந்த குளிர்நீர். அது முதலில் ஏஜென்சி ஏரியில் கலக்கிறது. அதோடு ஒட்டினாற்போல அப்பர் கிளாமத் ஏரி. பரப்பளவில் ஓரிகன் மாநிலத்தின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இது. நீளம் சுமார் 40 கிலோமீட்டர், அகலம் சுமார் 13 கிலோமீட்டர். 14 கிலோமீட்டர் நீளமுள்ள நம் வீராணத்தை மனதில் வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட மூன்று வீராணத்தை நீளவாக்கில் வைத்ததுபோல.

பார்ப்பவர்களுக்கு ஏரி சுலபமாகத் தெரியும். பாறை இல்லை, அருவி இல்லை. ஆனால் ஆற்றில் படகு விட்டவர்களைக் கேட்டால், அகன்ற ஏரியைத்தான் முதலில் சொல்வார்கள். ஆற்றில் நீரோட்டம் நம்மைக் கொண்டுபோகும். நாம் திருப்பினால் போதும். ஏரியில் யாரும் நம்மைக் கொண்டுபோக மாட்டார்கள். ஒவ்வொரு முழமும் நம் தோள் இழுத்தால்தான் நகரும். வேகநீருக்காகச் செய்த குட்டையான படகாக இருந்தால் இன்னும் கஷ்டம். அது நேராகப் போகாமல் ஒவ்வொரு வலிப்புக்கும் மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டும்.

அடுத்த எதிரி காற்று. ஆழம் குறைந்த அகன்ற ஏரியில் காற்று எழும்பினால் அலை சீக்கிரம் கூர்மையாகும். காலையில் கண்ணாடிபோல இருந்த தண்ணீர் பிற்பகலில் படகின் விலாவை அறையும். அதனால்தான் பெரிய ஏரியில் போகிறவர்கள் விடியலிலேயே கிளம்புவார்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், நடுவில் மற்றவர்கள் என்று கூட்டம் கலையாமல் போவார்கள். கூட்டத்தின் வேகம் என்பது மிக மெதுவாகப் போகிறவரின் வேகம். பலசாலி முன்னால் ஓடிவிட்டால் கூட்டம் உடைந்துவிடும். உடைந்த கூட்டத்தில் ஒருவர் கவிழ்ந்தால் கைகொடுக்க ஆள் இருக்காது. நம் இயக்கங்களுக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது.

ஏரியின் நிலையையும் அந்தப் பிள்ளைகள் தங்கள் துடுப்பில் பார்த்தார்கள். சுற்றியிருந்த சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கிவிட்டதால், உரச்சத்து கலந்த நீர் வடிகட்டப்படாமல் ஏரிக்கு வருகிறது. கோடையில் பாசி பூத்து நீர் பச்சையாகிறது, மீனுக்கு மூச்சு முட்டுகிறது. சுவாம், கொப்து மீன்கள் அருகிவிட்டதைக் கண்டு 1986இல் கிளாமத் மக்கள் தாங்களாகவே அவற்றைப் பிடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அரசு அவற்றை அழியும் நிலையில் உள்ளவை என்று அறிவித்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். தங்கள் தாத்தா பிடித்த மீனைத் தாங்கள் பிடிக்காமல் காக்கும் ஏரியின்மேல் துடுப்பு வலித்துப் போனது அந்தக் கூட்டம்.

கடல் வரை

ஏரி முடியும் இடத்தில் ஓர் அணை, அதற்குக் கீழே இன்னோர் அணை. இந்த இரண்டும் அகற்றப்படவில்லை, இன்றும் இருக்கின்றன. அந்த இடங்களில் படகைக் கரைவழியே கொண்டுபோய்த்தான் மறுபக்கம் இறக்க முடியும். போராட்டம் முழுதாக முடியவில்லை என்பதைத் தோளில் ஏறிய படகின் கனம் ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கும்.

அதற்குக் கீழே இடிந்த நான்கு அணைகளின் இடங்கள். ஒரு நூற்றாண்டாகத் தேங்கிய நீருக்கு அடியில் கிடந்த மண்ணில், விதை தூவி வளர்த்த உள்ளூர்ப் புல்லும் பூவும் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. முன்பு அணைச்சுவர் நின்ற இடத்தில் இப்போது ஆறு ஓடியது. அந்த ஓட்டத்தோடு பிள்ளைகளும் போனார்கள்.

காருக் மக்களின் பகுதியில் இஷி பிஷி அருவி இருக்கிறது. அவர்களுக்கு அது புனிதமான மீன்பிடித் துறை. அந்த இடத்தில் படகு விடுவதில்லை, கரையில் நடந்து கடப்பதுதான் மரபு. “இறங்காதே” என்பது இங்கேயும் ஒரு விதிதானே என்று நமக்கு உடனே சுருக்கென்று படலாம். வித்தியாசம் உண்டு. இன்னாருடைய பிள்ளை இறங்கலாம், இன்னாருடைய பிள்ளை இறங்கக் கூடாது என்று அங்கே இல்லை. எல்லாருக்கும் ஒரே மரியாதை, எல்லாருக்கும் ஒரே நடை.

ஜூலை 11. ஆறு கடலில் கலக்கும் யூரோக் மக்களின் நிலம். வழியில் சிலி, பொலிவியா, நியூசிலாந்து நாடுகளின் பூர்வகுடிகளும் சேர்ந்துகொள்ள, நூற்றுக்கும் மேற்பட்டவர்களாகப் பெருகியிருந்தது கூட்டம். கழிமுகத்தின் மணல் திட்டில் குடும்பத்தார் காத்திருந்தார்கள்.

மீன்களும் சும்மா இருக்கவில்லை. கடைசி அணையின் வேலை முடிந்த சில வாரங்களில், 2024 அக்டோபரில், ஓரிகன் எல்லைக்குள் சால்மன் ஏறி வந்துவிட்டது. 1912க்குப் பிறகு அதுவே முதல்முறை. பிள்ளைகள் கடலுக்கு இறங்கிப் போன அதே 2025இன் இலையுதிர் காலத்தில், மீன்கள் எதிர்த்திசையில் ஏறி அப்பர் கிளாமத் ஏரியையே அடைந்தன.

நமக்குத் திறந்த கதவுகள்

இனி நம் கதைக்கு வருவோம்.

பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்களும் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். அதற்கு ஓராண்டு முன்பே பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே இதேபோன்ற தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தார். அதை ஏற்று மகாத் நகராட்சி தன் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் அறிவித்தது. காகிதத்தில் குளம் திறந்தது. கரையில் யாரும் காலடி வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தபோதுதான் குளம் உண்மையில் திறந்தது. அதற்காக அன்றே நம் மக்கள் அடிவாங்கினார்கள். குளத்தைச் சாணமும் கோமியமும் ஊற்றித் ‘தீட்டுக்’ கழித்தார்கள். வழக்கு முடிய 1937 ஆயிற்று.

காலம் மாறிவிட்டது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2018 ஜூனில் அதே மகாராஷ்டிரத்தின் ஜல்கான் மாவட்டத்தில், கிணற்றில் இறங்கி நீந்தியதற்காக தலித் சிறுவர்களை ஆடையின்றி நடத்தி அடித்தார்கள். கோடை வெயிலில் தண்ணீரில் குதித்ததைத் தவிர அந்தப் பிள்ளைகள் வேறொன்றும் செய்யவில்லை.

தடுப்பவர்களை எதிர்த்து நிற்பது ஒரு வேலை. அதை நம் முன்னோர் செய்தார்கள், நாமும் செய்கிறோம். கிளாமத் பிள்ளைகளின் கதை நமக்குச் சொல்வது அதற்கு அடுத்த வேலையை. கதவு திறக்கும் நாளில் வாசலில் தயாராக நிற்பது யார்? போராடிப் பெற்ற பதவி நிரப்பப்படாமல் கிடப்பதையும், நமக்கென்று வந்த திட்டத்தின் பணம் செலவாகாமல் திரும்புவதையும், ஒதுக்கிய இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய தேதி தெரியாமலே நம் பிள்ளைகள் வீட்டில் இருப்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அடைத்து வைத்தவர்கள் மேல் குற்றம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அணை நிற்கும்போதே துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அர்த்தம்.

இதைத் தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். கோடை விடுமுறை வந்தால் ஏரியிலும் குவாரியிலும் மூழ்கிய பிள்ளைகளின் படங்கள் இந்தச் செய்தித்தாளில் வராத ஆண்டு இல்லை. நீச்சல் முதலில் உயிர் காக்கும் கல்வி. மாவட்டத் தலைநகரங்களில் அரசு நீச்சல் குளங்கள் இருக்கின்றன, கோடைப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அந்த அறிவிப்பு நம் குடியிருப்பின் தேநீர்க் கடைக்கும் நூலகத்துக்கும் வந்து சேர்கிறதா? வராவிட்டால் வரவைப்பது படித்த இளைஞர்களின் வேலை. ஆதிதிராவிடர் நல விடுதிகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப்போகக் கேட்கலாம். மனு எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் இப்போது குறைவில்லை.

படகு விளையாட்டும் எட்டாத கனி அல்ல. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், ஆண்கள் இரட்டையர் 1,000 மீட்டர் கனோ போட்டியில் அர்ஜுன் சிங்கும் சலாம் சுனில் சிங்கும் இந்தியாவுக்கு வெண்கலம் வென்றார்கள். சுனில் மணிப்பூரைச் சேர்ந்த மீனவரின் மகன். பிழைப்புக்குத் துடுப்புப் பிடித்த குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை பதக்க மேடைக்குப் போக முடிந்திருக்கிறது. மடை திறக்க முங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் முடியாது? அவர்களுடைய நுரையீரலில் அந்த மூச்சு இன்னும் இருக்கும் அல்லவா?

நம் ஏரிகளில் அடுத்த மழைக்குத் தண்ணீர் வரும். ஏரியைக் காத்த கைகளுக்கு ஏரியில் நீந்தவும் உரிமை உண்டு. அந்த உரிமை சட்டத்தில் இருந்து நூறு ஆண்டு ஆகிவிட்டது. இனி அது நம் பிள்ளைகளின் தோளுக்கும் மூச்சுக்கும் வர வேண்டும். இந்தக் கோடையில் உங்கள் தெருவில் நீந்தத் தெரிந்த ஓர் அண்ணன், ஓர் அக்கா இருந்தால், பத்துப் பிள்ளைகளைக் கூப்பிடச் சொல்லுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் தொடங்கட்டும். கூட்டத்தின் வேகம் கடைசிப் பிள்ளையின் வேகமாக இருக்கட்டும்.